அது எலி அல்ல

கனத்த மழை பெய்த ஓர் இரவு. மலாக்கா நகரின் ஓரத்தில் உள்ள ஒரு குடியிருப்பில், படிவம் இரண்டில் பயிலும் மாணவன் ஒருவன் அடுப்படி மூலையில் எலிப்பொறி வைத்தான். மூன்று நாளாக இரவு நேரத்தில் கீச்சு கீச்சென்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அரிசி வாளிக்குப் பின்னால் ஏதோ ஓடியதை அம்மா பார்த்திருந்தார். சுவரோரமாக ஒரு கடுமையான வாடையும் அடித்தது. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. அதனால் பொறி வைக்கும் பொறுப்பு மகனிடம் வந்தது. கம்பிக் கூண்டின் கொக்கியில் ஒரு கருவாட்டுத் துண்டைச் செருகிவிட்டு அவன் தூங்கப் போனான்.

விடியற்காலையில் கூண்டு மூடியிருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒன்று மூலைக்கு மூலை ஓடிக்கொண்டிருந்தது. அது அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூக்கை மட்டும் மேலும் கீழும் அசைத்து மோந்துகொண்டே இருந்தது. அந்த மூக்கு எலியின் மூக்கைவிட மிகவும் நீளமாக இருப்பதை அவன் கவனித்தான். கவனித்தும், அப்பா வழக்கமாகச் செய்வதையே அவனும் செய்தான். வீட்டின் பின்புறக் குழாயடியில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, கூண்டை அதில் அமிழ்த்தினான். சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கியது. “ஓர் எலி தொலைந்ததும்மா!” என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினான்.

அந்த வாரக் கடைசியில் பாட்டி வந்தார். ஜாசின் வட்டாரத்தில் உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவி, அங்கேயே முதுமை அடைந்தவர் அவர். இரு கண்களிலும் புரை விழுந்திருந்தது. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதுவரை மகன் வீட்டில் தங்க வந்திருந்தார். பாட்டிக்கு இப்போது எல்லாமே பனிமூட்டத்திற்குள் தெரிவதுபோல்தான் தெரியும். ஆனால், அடுப்படிக்குள் கால் வைத்ததுமே நின்றுவிட்டார்.

“இங்கே மூஞ்சூறு நடமாட்டம் இருக்கிறதே!” என்றார்.

“எலி பாட்டி. போன வாரம்தான் ஒன்றைப் பிடித்தேன்.”

“எலிக்கு இந்த வாடை வராது, தம்பி. இது மூஞ்சூறு. தோட்டத்து வீட்டில் எத்தனை வருடம் இந்த வாடையோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்! மூஞ்சி நீண்டு இருக்கும். கண் கடுகு மாதிரி இருக்கும். அதற்குச் சரியாகக் கண் தெரியாது. என்னைப் போலத்தான்.” பாட்டி சிரித்தார். “பாவம், அது பிள்ளையாரின் வாகனம். அதை யாரும் அடிக்க மாட்டோம்.”

அவன் பதில் சொல்லவில்லை. தண்ணீர் வாளி நினைவுக்கு வந்தது. அந்த நீண்ட மூக்கும் நினைவுக்கு வந்தது.

மறுநாள் பள்ளி நூலகத்தில் அவன் விலங்கியல் களஞ்சியம் ஒன்றைத் தேடி எடுத்தான். பாட்டி சொன்னது சரிதான். மூஞ்சூறு எலி இனத்தைச் சேர்ந்ததே அன்று. எலி கொறிக்கும் விலங்கு. அதன் முன்பற்கள் உளிபோல இருக்கும். வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அது மூட்டையையும் கதவையும் மின்கம்பியையும் கடித்துக் குதறுகிறது. மூஞ்சூற்றின் பற்களோ சிறியவை, ஊசிபோல் கூரியவை. பூச்சிகளைக் கவ்வவும் நொறுக்கவும் அமைந்தவை. கரப்பான், சிள்வண்டு, புழு போன்றவையே அதன் முதன்மை உணவு. உறவு முறையில் அது எலியைவிட முள்ளெலிக்கும் அகழெலிக்கும்தான் நெருக்கமானது. அந்த இரண்டின் பெயரிலும் ‘எலி’ ஒட்டிக்கொண்டிருப்பதையும், அவையும் உண்மையில் எலிகள் அல்ல என்பதையும் அறிந்தபோது அவனுக்கு வியப்பாக இருந்தது.

வீடுகளை அண்டி வாழும் மூஞ்சூற்றுக்கு 1766ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் அறிவியல் பெயர் சூட்டினார். இன்று அதன் பெயர் ‘சன்கஸ் மியூரினஸ்’. ‘மியூரினஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்கு ‘எலியைப் போன்றது’ என்பது பொருள். பெயர் சூட்டிய அறிஞரும் அதை எலியோடு ஒப்பிட்டுத்தான் பார்த்திருக்கிறார்! தமிழ்ப் பெயரோ அதன் மூஞ்சியைப் பார்த்து வந்ததுபோல் ஒலிக்கிறது.

பாட்டியைத் துர்நாற்றத்தால் எச்சரித்த அந்த வாடைக்கும் காரணம் உண்டு. மூஞ்சூற்றின் உடலின் இரு பக்கங்களிலும் வாடைச் சுரப்பிகள் உள்ளன. அந்த வாடையால்தான் பல பூனைகள் அதைப் பிடித்தாலும் தின்னாமல் போட்டுவிட்டுப் போகின்றன. கண்பார்வை குறைந்த அந்த உயிருக்கு மூக்கும் மீசை மயிர்களும் காதுகளுமே வழிகாட்டிகள். அதனால்தான் அது நடு அறையில் ஓடாமல் சுவரை உரசியபடியே போகிறது.

அவன் அறிந்ததையெல்லாம் அன்று மாலை பாட்டியிடம் சொன்னான். பாட்டி ஒரு பழமொழியைச் சொன்னார்: “மூஞ்சூறு தான் போக வழியைக் காணோமாம், விளக்குமாற்றையும் கவ்விக்கொண்டு போனதாம்.” தன் வேலையையே முடிக்க இயலாதவர் பிறர் சுமையையும் இழுத்துப் போட்டுக்கொள்வதைக் கேலி செய்யும் பழமொழி அது. ஆனால், அதைச் சொன்னவர்கள் சுவரோரம் தடவித் தடவிப் போகும் அந்த உயிரைப் பலமுறை கூர்ந்து பார்த்திருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

மூஞ்சூற்றைக் கவனித்தவர்கள் தமிழர்கள் மட்டுமல்லர். பக்கத்து வீட்டு மக்சிக் அதைச் ‘செஞ்சுருட்’ என்றார். எதிர்வீட்டுச் சீன மூதாட்டி அதைக் ‘காசு எலி’ என்று பொருள்படும் சீனச் சொல்லால் குறிப்பிட்டார். அதன் கீச்சொலி காசுகள் ஒன்றோடொன்று உரசும் ஓசைபோல இருக்குமாம். வீட்டுக்கு வந்தால் செல்வம் சேரும் என்பது அவர்களின் நம்பிக்கை. ஒரே தெருவில் ஒரு சிற்றுயிருக்கு மூன்று மொழிகளில் மூன்று பெயர்கள் இருந்தன. அவன் ஒருவன்தான் அதை வெறும் ‘எலி’ என்று அழைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மாலை பாட்டி கோயிலுக்குப் போக விரும்பினார். நகரின் பழைய பகுதியில் ஜாலான் துக்காங் எமாஸ் சாலையில் பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் மலாக்காவை ஆண்ட காலத்தில், 1781இல், மலாக்காச் செட்டிச் சமூகத்தினர் எழுப்பிய கோயில் அது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. அதே சாலையில் கம்போங் கிளிங் பள்ளிவாசலும், சற்றுத் தள்ளிச் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் உள்ளன. பாட்டிக்குச் சாலையின் மேடு பள்ளம் தெரியவில்லை. பேரனின் சட்டை நுனியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். அவன் நின்றால் நின்றார்; திரும்பினால் திரும்பினார்.

விநாயகர் சன்னதியில் பாட்டி கைகூப்பி நின்றார். அவன் பார்வை மூஞ்சூற்று வாகனத்தின் மீது இருந்தது. ‘மூஷிகம்’ என்ற வடசொல் பொதுவாக எலியைக் குறிக்கும். தமிழ் வழக்கில் விநாயகரின் வாகனத்தை மூஞ்சூறு என்றும் பெருச்சாளி என்றும் சொல்வார்கள். பெயர் எதுவானாலும், அத்தனை பெரிய உருவம் தன் ஊர்தியாக ஏற்றுக்கொண்டது காலடியில் ஓடும் ஒரு சிற்றுயிரைத்தான். சிறுவயதிலிருந்து அவன் அதைப் பார்த்து வந்திருக்கிறான். வீட்டுக்கு வந்தபோது மட்டும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில் அவன் இன்னொரு செய்தியைப் பாட்டியிடம் சொன்னான். இந்த மூஞ்சூற்றின் தாயகம் இந்தியப் பகுதி என்றும், அங்கிருந்து வணிகக் கப்பல்களில் சரக்குகளோடு சரக்காக ஏறி வந்து தென்கிழக்காசியத் துறைமுகங்களில் இறங்கியிருக்க வேண்டும் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாட்டி சற்று நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, “என் தாத்தாவும் கப்பலில் வந்தவர்தான்” என்றார்.

அடுத்த வாரம் அவன் அறிவியல் ஆசிரியரிடம் மூஞ்சூறுகளைப் பற்றிக் கேட்டான். ஆசிரியர் அவனை ஆப்பிரிக்காவின் மழைக்காடுகளுக்கே அழைத்துச் சென்றுவிட்டார். காங்கோ ஆற்றுப் பகுதிக் காடுகளில் ‘வீர மூஞ்சூறு’ என்ற ஓர் இனம் வாழ்கிறது. உள்ளங்கையில் அடங்கும் உருவம்தான். ஆனால், அதன் முதுகெலும்பு உலகில் வேறெந்தப் பாலூட்டிக்கும் இல்லாத அமைப்பைக் கொண்டது. மனிதனின் இடுப்புப் பகுதியில் 5 முள்ளெலும்புகள் உள்ளன. வீர மூஞ்சூற்றுக்கோ அப்பகுதியில் குறைந்தது 10 உண்டு. அவை ஒவ்வொன்றிலும் விரல்கள்போல் நீண்ட எலும்பு நுனிகள் பல இருக்கின்றன. இரு கைவிரல்களைக் கோத்துக்கொள்வதைப்போல அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அங்கு வாழும் மங்பெட்டு மக்கள் அதன் உறுப்புகளை அணிந்து போருக்குப் போனால் ஆபத்து அண்டாது என்று நம்பினார்கள். ஓர் ஆள் அதன்மேல் ஏறி நின்ற பின்னும் அது உயிரோடு எழுந்து ஓடியதாக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குச் சென்ற ஆய்வுப் பயணிகள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இத்தனை வலிமை அந்தச் சிற்றுயிருக்கு எதற்கு? இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளாகத் தெளிவான விடை கிடைக்கவில்லை. 1910இல் முதல் இனத்துக்கு அறிவியல் பெயர் வைக்கப்பட்டது. 2013இல்தான் அதே வகையில் இரண்டாவது இனம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதை அறிவித்த ஆய்வாளர்கள் ஒரு கருத்தையும் முன்வைத்தார்கள். பனை வகை மரங்களின் தண்டுக்கும் மட்டைக்கும் இடையிலுள்ள இடுக்கில் அது நுழைந்து, முதுகை வளைத்து நெம்பி, மற்ற விலங்குகளுக்கு எட்டாத புழுக்களைத் தின்னலாம் என்பதே அக்கருத்து.

‘பனை வகை மரம்’ என்றதும் அவனுக்குப் பாட்டியின் தோட்டம் நினைவுக்கு வந்தது. 1896இல் தான் சாய் யான் என்ற மலாக்காக்காரர் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் இரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கினார். பாட்டியின் இளமை முழுவதும் இரப்பர் மரங்களுக்கிடையேதான் கழிந்தது. பிறகு அந்த மரங்கள் வெட்டப்பட்டு, செம்பனை நடப்பட்டது. செம்பனையின் தாயகம் ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நடப்பட்ட நான்கு கன்றுகளின் வழி இப்பகுதிக்கு வந்த மரம் அது. மரம் மட்டும் கடல் கடந்து வந்து ஊரெல்லாம் பரவிவிட்டது. அதே கண்டத்துக் காட்டில் முதுகால் மட்டையை நெம்பும் அந்தச் சிறு வீரனைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

“ஆப்பிரிக்காவை விடு. பக்கத்திலேயே பார்” என்றார் ஆசிரியர். இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் மட்டும் 14 புதிய மூஞ்சூறு இனங்களை 2021இல் ஆய்வாளர்கள் ஒரே நேரத்தில் அறிவித்தார்கள். உலகின் மிகக் குறைந்த எடையுள்ள பாலூட்டியும் ஒரு மூஞ்சூறுதான். எட்ரஸ்கன் மூஞ்சூறு என்ற அதன் எடை ஏறக்குறைய 1.8 கிராம், ஐந்து சென் நாணயத்தின் எடைதான் இருக்கும்.

ஆசிரியர் கடைசியாகச் சொன்னது அவன் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. எலிகளால் வாந்தி எடுக்க முடியாது. வீட்டு மூஞ்சூற்றால் முடியும். பயணத்தின்போது குலுங்கினால் மனிதரைப்போலவே அதற்கும் குமட்டும். 1987இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு, வாந்தியைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றிய ஆய்வுகளில் மூஞ்சூறுகள் இடம்பெற்றன. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரைப் பெரிதும் வாட்டுவது குமட்டலும் வாந்தியும் அல்லவா? எலியிடம் கிடைக்காத விடையை அவர்கள் மூஞ்சூற்றிடம் தேடினார்கள். ‘இரண்டும் ஒன்றுதானே’ என்று நினைத்திருந்தால் அந்த விடை கிடைத்திருக்காது.

அந்த வாரமே சோதனை வந்தது. ஒரு விடுமுறை நாள் காலையில் அப்பாவின் குரல் கேட்டது.

“இன்னொன்று மாட்டிக்கொண்டது. வாளியில் தண்ணீர் பிடி, தம்பி!”

அப்பாவே இரவில் பொறி வைத்திருந்தார். கூண்டுக்குள் அதே நீண்ட மூக்கு மேலும் கீழும் அசைந்தது. அவன் குழாயைத் திறக்கவில்லை.

“அப்பா, அது எலி இல்லை. மூஞ்சூறு. மூட்டையைக் கடிக்காது. கரப்பான் பூச்சியைத்தான் தின்னும்.”

“எலியோ மூஞ்சூறோ, அடுப்படியில் ஓடுவது எதுவாக இருந்தாலும் அழுக்குதான். நோய் வந்தால் யார் பார்ப்பது?”

அப்பா சொன்னதிலும் உண்மை இருந்தது. மூஞ்சூற்றின் உடலிலும் உண்ணிகள் இருக்கும். சாக்கடையில் திரியும் எந்த விலங்கும் நோயைக் கொண்டுவரக்கூடும். அதை வெறுங்கையால் தொடக்கூடாது. அது நடமாடிய இடத்தில் உணவைத் திறந்து வைக்கக்கூடாது. இதையும் அவன் படித்திருந்தான். அதனால் அவன் அப்பாவை மறுத்துப் பேசவில்லை.

“அது உள்ளே வராமல் செய்துவிடலாம், அப்பா. குழாய் போகும் ஓட்டையை நானே கம்பி வலை வைத்து அடைக்கிறேன். இதை மட்டும் வெளியே விட்டுவிடுகிறேன்.”

அப்பா மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு கூண்டுக்குள் பார்த்தார். அவரும் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைதான். “சரி, கையுறை போட்டுக்கொள்” என்று மட்டும் சொன்னார்.

வீட்டின் பின்வேலிக்கு அப்பால் கால்வாயோரமாகப் புல் மண்டிய இடம் இருந்தது. அவன் கூண்டை அங்கே வைத்து, கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். மூஞ்சூறு உடனே ஓடவில்லை. மூக்கை வெளியே நீட்டிக் காற்றை மோந்தது. பிறகு கால்வாய்ச் சுவரைத் தொட்டு, அதை உரசியபடியே போய் மறைந்தது. அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். அன்று பிற்பகல் முழுவதும் அப்பாவும் மகனும் சேர்ந்து அடுப்படி ஓட்டைகளை அடைத்தார்கள்.

பாட்டியின் ஒரு கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சில நாள் கழித்து, ஒரு மாலை வேளையில், பாட்டி பின்வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். திடீரென்று பேரனைக் கைகாட்டி அழைத்தார்.

“சத்தம் போடாமல் வா. அங்கே பார்.”

கால்வாயோரத்தில் ஒரு மூஞ்சூறு போய்க்கொண்டிருந்தது. அதன் வால் அடியில் ஒரு குட்டி வாயால் கவ்விப் பிடித்திருந்தது. அந்தக் குட்டியைப் பிடித்தபடி இன்னொரு குட்டி. அதன் பின்னால் மூன்றாவது. தாய் திரும்பினால் வரிசையே திரும்பியது. தாய் நின்றால் வரிசையே நின்றது. சிறு இரயில் வண்டி ஒன்று தண்டவாளம் இல்லாமல் போவதுபோல் இருந்தது.

“தோட்டத்தில் சின்ன வயதில் பார்த்தது. அறுபது வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன்!” பாட்டியின் குரலில் குழந்தையின் மகிழ்ச்சி இருந்தது.

அவன் சிரிக்கவில்லை. இதுதான் அன்று தப்பிய மூஞ்சூறா என்று அவனுக்குத் தெரியாது. ஆனால், முதல் நாள் கூண்டில் இருந்ததற்கும் இப்படிக் குட்டிகள் இருந்திருக்குமோ? அவை சுவரோரம் தாயைத் தேடி எத்தனை நேரம் மோந்துகொண்டிருந்திருக்கும்? வாளி விளிம்பைப் பிடித்திருந்த தன் கைகளை அவன் பார்த்தான்.

“பாட்டி, முதலில் பிடித்தேனே ஒன்று, அது எலி இல்லை. மூஞ்சூறுதான். நான் அதைத் தண்ணீரில் அமிழ்த்திவிட்டேன்.”

பாட்டி உடனே எதுவும் சொல்லவில்லை. கால்வாயோரத்து வரிசை புல்லுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாடை அடித்த அன்றே எனக்குத் தெரியும், தம்பி” என்றார். “நீயே சொல்லட்டும் என்று இருந்தேன். தெரியாமல் செய்தது போகட்டும். இனி உனக்குத் தெரியும்.”

இருட்டத் தொடங்கியது. பாட்டி எழுந்தார். வாசலில் இரண்டு படிகள் இருந்தன. இப்போது அவருக்குப் படிகள் நன்றாகவே தெரிந்தன. இருந்தாலும் கையை நீட்டி, முன்னால் போன பேரனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். அவன் மெல்ல அடியெடுத்து வைத்தான்.